கனகராஜின் தலைக்கவசம்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத்தின் துணைத் தலைவர் ஐயாசாமி அவர்களே, ஆலய நிர்வாகத்தினரே, பொந்தியானிலிருந்தும் பண்டார் தெங்காராவிலிருந்தும் வெயிலைப் பாராமல் வந்திருக்கும் உறவுகளே, நம் தம்போய் தாமான் குடியிருப்பின் தாய்மார்களே, தோழர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கனகராஜின் துணைவியார் தங்கை செல்வராணிக்கும் மகள் லோஷினிக்கும் முதலில் தலை வணங்குகிறேன். உங்கள் துயரத்தில் பங்குகொள்ள வந்திருக்கிறோம். அதைக் குறைக்க எங்களால் ஆகாது என்பதும் எனக்குத் தெரியும்.

அறிவிப்பாளர் என்னை 'நாவரசர்' மகேஸ்வரன் என்று அழைத்தார். அந்தப் பட்டத்தை இன்று ஓரமாக வைத்துவிட்டுப் பேசுகிறேன். ஏன் என்பதைப் பிறகு சொல்வேன்.

நம் சங்கத்தின் செயலாளர், செயல்வீரர் கனகராஜ் மறைந்து பதினாறு நாள் ஆகிறது. ஐம்பத்து மூன்று வயதுதான். சிங்கப்பூர்ப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மாரடைப்பு. காலையில் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைக் கடந்து போனவர் உயிரோடு திரும்பவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் என்னோடு உழைத்தவர்! வெள்ளம் வந்தபோது பாலாய் ராயா மண்டபத்தைத் திறந்து, நனைந்து வந்தவர்களுக்குப் போர்வை கொடுத்தவர் யார்? தமிழ்ப்பள்ளியில் பிள்ளைகளைச் சேர்க்கச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்கியவர் யார்? கனகராஜ்! ஆனால் மேடையேறச் சொன்னால் மட்டும் நழுவிவிடுவார். ஒருமுறை வம்படியாக நன்றியுரைக்கு நிறுத்தினோம். 'வணக்கம்', 'நன்றி' என்று இரண்டே சொல். அத்தோடு நாற்காலி அடுக்கப் போய்விட்டார்.

இதெல்லாம் நீங்கள் அறிந்தது. பலர் அறியாத ஒன்றைச் சொல்லலாமா என்று நேற்று செல்வராணியிடம் கேட்டேன். "சொல்லுங்கண்ணே, அவரே சொல்லிச் சிரிக்கிற கததானே" என்றார்.

நம் கனகராஜ் பிறவியிலேயே சாந்தமானவர் என்றா நினைக்கிறீர்கள்? இல்லை ஐயா, இல்லவே இல்லை! விடியுமுன் கிளம்பி, பாலத்து நெரிசலில் புகையைக் குடித்து, பட்டறையில் ஏச்சு வாங்கி, திரும்பவும் அதே நெரிசலில் இரண்டு மணி நேரம் நின்று வீடு வந்தால், வாசலில் ஒரு செருப்பு கோணலாகக் கிடந்தாலும் வெடிப்பார். மோட்டார் சத்தம் கேட்டதும், அப்போது ஏழு வயதான லோஷினி தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாளாம். அது தனக்குத் தெரிந்தும் வாயை அடக்க முடியவில்லை என்று என்னிடம் சொல்லி வருந்தியிருக்கிறார்.

ஒருநாள் அடைமழை. முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசத்தைக் கழற்றாமலேயே உள்ளே வந்தவர், கூடத்தில் இறைந்து கிடந்த பள்ளிப் புத்தகங்களைப் பார்த்துக் கத்தியிருக்கிறார். கண்ணாடி இறக்கியிருந்ததால், கத்தியது அத்தனையும் அவர் காதிலேயே வந்து அறைந்தது. அப்படியே நின்றுவிட்டார். "அலமாக், இந்தக் குரலையா தலைவரே என் புள்ள தெனமும் கேக்குது?" என்று மறுநாள் என்னிடம் கேட்டபோது அவர் கண் கலங்கியிருந்தது.

அன்று பிடித்தது அந்தப் பழக்கம். கோபம் வந்தால் தலைக்கவசத்தை மாட்டிக்கொள்வார். சொல்ல வந்ததை உள்ளேயே ஒரு தடவை சொல்லிப் பார்ப்பார். தன் காது பொறுத்தால், கழற்றிவிட்டுச் சொல்வார். பொறுக்கவில்லை என்றால் வேறு சொல் தேடுவார். சமையல்கட்டில் தலைக்கவசத்தோடு நின்று வெங்காயம் உரித்த மனிதரைப் பார்த்து அக்கம்பக்கம் சிரித்தது. நான் மட்டும் என்ன? வெங்காயம் உரிக்கவும் லைசன்ஸ் எடுத்தாச்சா என்று கேலி செய்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

தவறவே இல்லையா? தவறினார். லோஷினியின் எஸ்பிஎம் தேர்வு முடிவு வந்த அன்று, பிள்ளை அழுதுகொண்டு நிற்கும்போதே வாய்க்கு வந்ததையெல்லாம் பேசிவிட்டார். அரை மணி நேரம் கழித்து அவள் அறைக் கதவைத் தட்டி, "அப்பா பேசுனது தப்புமா. உன் மார்க்க விட அதுதான் மோசம்" என்றிருக்கிறார். எத்தனை தகப்பன்மாருக்கு வரும் இந்த வார்த்தை? இப்போது லோஷினிக்குக் கோபம் வந்தால் அவளும் அப்பாவின் தலைக்கவசத்தைத்தான் தேடுகிறாளாம். தாயும் மகளும் போடுகிற சண்டை பாதியிலேயே சிரிப்பில் முடிந்துவிடுகிறது.

இனி என் கதைக்கு வருகிறேன். சென்ற தீபாவளிக்கு என் வீட்டில் நடந்த திறந்த இல்ல உபசரிப்புக்கு உங்களில் பாதிப் பேர் வந்திருந்தீர்கள். வாசலில் கைகூப்பி உங்களை இனிக்க இனிக்க வரவேற்ற இந்த நாவரசர், சாப்பாடு பத்தாமல் போனதற்காக, தன் மனைவி சந்திரமதியை அவர் உடன்பிறந்தவர்கள் முன்னால் என்ன சொன்னார் தெரியுமா? "உன்னக் கட்டி முப்பது வருஷமா அவமானம்தான் மிச்சம்" என்றார். சந்திரமதி பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, மறுநாள் காலை பொந்தியானில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். நான்கு மாதம் ஆகிறது. தங்கைக்கு உடம்பு சரியில்லை, துணைக்குப் போயிருக்கிறார் என்று உங்களிடம் சொன்னேனே, அது பொய்.

சங்கத்தில் உண்மை தெரிந்தவர் கனகராஜ் ஒருவர்தான். தன் பழைய தலைக்கவசத்தைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார். "அக்காகிட்ட சொன்னத ஒரே ஒரு தடவ இதுக்குள்ள சொல்லிப் பாருங்க தலைவரே. ஞாயித்துக்கெழம நானும் வர்றேன், பொந்தியான் போலாம்லா" என்றார். ஆண்டுக் கூட்டம் முடியட்டும் என்றேன். பிறகு அதற்கும் ஒரு சாக்கு. மூன்று ஞாயிறு தள்ளிப்போட்டேன். நான்காவது ஞாயிறுக்கு அவர் இல்லை.

தகனம் முடிந்த மறுநாள் காலையில் அதை மாட்டிக்கொண்டு அந்த வார்த்தைகளைச் சொன்னேன். என் குரல்தான். ஒலிபெருக்கியில் கேட்டு நானே ரசித்த குரல்தான். முழுவதையும் சொல்லி முடிக்க என்னால் முடியவில்லை. கழற்றிவிட்டு அழுதேன்.

விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லித்தான் இப்படிப்பட்ட உரையை முடிப்பார்கள். எத்தனை மேடையில் நானே சொல்லியிருக்கிறேன்! கனகராஜ் விட்டுச் சென்ற பணி எது? வெள்ள உதவியையும் பள்ளிச் சேர்க்கையையும் ஐயாசாமி பார்த்துக்கொள்வார். ஒரு குறையும் வராது. ஆனால் அந்த மனிதர் தினமும் முயன்று, தவறி, மறுபடியும் முயன்று செய்த வேலை, தன் வீட்டில் நல்ல வார்த்தை பேசியதுதான். அதற்கு மட்டும் வேறொருவரை நியமிக்க முடியாது.

சந்திரமதி இன்று பொந்தியானிலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிறார். எனக்காக அல்ல. செல்வராணியின் கையைப் பிடித்துக்கொண்டு, இதோ, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. இங்கிருந்தே சொன்னால் நீங்கள் உருகிப்போவீர்கள். மைக் கையில் இருந்தால் நான் எப்போதுமே நன்றாகத்தான் பேசுவேன். அதனால் இதை வைத்துவிட்டு இறங்குகிறேன். அவர் கேட்பாரா, எழுந்து போய்விடுவாரா, எனக்குத் தெரியாது.

ஐயாசாமி, மௌன அஞ்சலியை நீங்கள் நடத்துங்கள்.

தம்பி கனகராஜ், இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான்.