எரியுதா சம்பந்தி?

எங்கள் வீட்டில் நான்கு ஜாடி எலுமிச்சை ஊறுகாய் இருக்கிறது, இன்ஸ்பெக்டர். போகும்போது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். லஞ்சமில்லை. நாங்கள் தின்று தீராத அளவுக்குச் சேர்ந்துவிட்டது. எப்படிச் சேர்ந்தது என்று சொன்னால், நீங்கள் கேட்க வந்ததும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

நான் லோபாக்கில் துணிக்கடைக்காரர் வீட்டில் பிறந்தவன். கல்யாணத்துக்குப் பிறகுதான் லிங்கிப் பக்கம் இந்தத் தோட்டத்து முனையில் மளிகைக்கடை போட்டேன். துணிக்கடையில் நான் கற்றது ஒன்றுதான். வேண்டாமென்று படியிறங்குகிறவரை ஒரே வார்த்தையில் மறுபடி மேலே ஏற்ற வேண்டும். பொய் தேவையில்லை. "வெயில்ல பார்த்தா இந்தக் கலரே வேற" என்றால் போதும்.

என் மகள் ரோகினி தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பேரன் பிறந்தான். என் மார்பில் போட்டால்தான் தூங்குவான். ஐந்தாம் மாதம் இருவரையும் அழைத்துப்போகச் சம்பந்தி இராஜமாணிக்கம் கோலா பிலாவிலிருந்து தன் பழைய வெள்ளைக் காரில் வந்தார். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை. சம்பந்தி தங்கமான மனிதர். பிரேக் லைட்டைச் சோதிக்காமல் வண்டியை ரோட்டில் இறக்க மாட்டார்.

மறுநாள் காலை புறப்பாடு. குழந்தையின் முதல் பயணம் என்று நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பின்சீட்டில் ரோகினியின் மடியிலிருந்து பேரன் என்னைப் பார்த்துச் சிரித்தான். சம்பந்தி பிரேக்கை மிதித்தார்.

"சம்பந்தி, பின்னால நின்னு பாருங்க. எரியுதா?"

இரண்டும் எரிந்தன. செக்கச்செவேலென்று எரிந்தன.

"எரியலையே சம்பந்தி" என்றேன்.

ஒன்றை யோசித்துப் பாருங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே தன் வண்டியின் பின்பக்கத்தை எவனாலும் பார்க்க முடியாது. பின்னால் சுவர் இருந்தால் சிவப்பு விழும். எங்கள் வாசலுக்கு எதிரே செம்பனை மரங்கள்தான். ஆக, பின்னால் நிற்கிறவன் சொல்வதுதான் வெளிச்சம். பேரனோடு நான் கேட்டது இன்னும் ஒரே ஒரு நாள்.

அவர் பல்பை மாற்றினார். எரிந்தது. எரியவில்லை என்றேன். ஃபியூஸை மாற்றினார். பெடலுக்கு அடியிலிருந்த சுவிட்சை மாற்றினார். எல்லாம் என் மோட்டார் சைக்கிளிலேயே லிங்கிக்குப் போய் வாங்கி வந்தது. வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுபோகவும் வழியில்லை. பிரேக் லைட் இல்லாத வண்டியை ரோட்டில் இறக்க மாட்டாரே.

தினமும் காலையில் இன்றைக்குச் சரியாகிவிடும் என்று நான்கு பழம் வைப்பார். மாலையில் எடுப்பார். வைத்த பழத்தை மறுபடி வைக்கக்கூடாதாம். என் மனைவி நீலாவதி அதையெல்லாம் அரிந்து உப்பில் போட்டாள்.

ஒன்பதாம் நாள் நான் கடையிலிருந்து வருவதற்குள் ரோகினியைப் பின்னால் நிறுத்திவிட்டார்.

"எரியுது மாமா!"

"வெயில் பட்டு மின்னுதும்மா" என்று நான் ஓடி வந்தேன். "நல்லாப் பாரு."

அவள் விளக்கைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

"ஆமா மாமா. வெயில்தான்."

வியாபாரி வீட்டுப் பெண்.

அதன்பிறகு சம்பந்தி வயர்களில் இறங்கினார். எர்த் பிடிக்கவில்லை என்று துருவைச் சுரண்டினார், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். நாள் முழுக்கக் காருக்குப் பின்னால் உட்கார்ந்து சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்வார். பேரனை அவர் பக்கத்தில் பாய் விரித்துப் போட்டிருப்பார்கள். எனக்கோ கடை. மூன்றாவது வாரம் கவனித்தேன். சீட்டி கேட்டால்தான் பிள்ளை பால் குடிக்கிறான், சம்பந்தி மார்பில்தான் தூங்குகிறான். நான் கை நீட்டினால் அழுகிறான். நான் பிடித்துவைத்த பேரன் அவர் பேரனாகிவிட்டான்.

இருபத்திரண்டாம் நாள் மாலை. தூறல். சம்பந்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இந்த வண்டி புள்ளைக்கு ராசியில்ல லா, சம்பந்தி. நான் மட்டும் போறேன். அடுத்த வாரம் வேன் புடிச்சிட்டு வந்து கூட்டிக்கிறேன். கடைசியா ஒரு தடவை பாருங்க. எரியலன்னா நான் இங்கேயே இருந்துடுறேன்."

இங்கேயே என்றார்.

ஏறி மிதித்தார். இரண்டும் எரியவில்லை. கழற்றிக் கழற்றி மாட்டியதில் உண்மையாகவே செத்துப்போயிருந்தன. அத்தனை நாள் நான் சொல்லிவந்தது அன்றுதான் மெய்யானது.

"ஜோரா எரியுது சம்பந்தி" என்றேன்.

"மெய்யாவா?"

இறங்கி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அவருக்கு எலுமிச்சம்பழம் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

மற்றது உங்கள் கோப்பில் இருக்கிறது. லிங்கிப் பாலத்துக்கு முன்னால் மாடு குறுக்கே வந்ததும், அவர் பிரேக் போட்டதும், பின்னால் செம்பனைக் குலை ஏற்றி வந்த லாரியும். லாரி ஓட்டிய சன்னாசி, முன்னால் விளக்கே தெரியவில்லை என்கிறான். நீங்கள் நம்பவில்லை. நம்பலாம். என் கடையில் சாமான் வாங்குகிறவன், அவன் மேல் பழி விழக்கூடாது என்றுதான் இத்தனையும் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்ததும் சம்பந்தி கேட்டது ஒன்றுதான். "லைட்டு எரிஞ்சுச்சுல்ல?" எரிந்தது என்றேன். கால் இரண்டாக முறிந்து கிடக்கிறவரிடம் மனசு நோகப் பேசலாமா?

இந்தப் பத்து நாளாகப் பேரன் மறுபடி என் மார்பில்தான் தூங்குகிறான். அதற்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

சட்டை போட்டுக்கொண்டேன், போகலாம். பிள்ளை உள்ளே சிணுங்குகிறான், விழிக்கிற நேரம். ஆனால் இன்ஸ்பெக்டர், நீங்கள் வந்து வண்டியை நிறுத்தும்போது வாசலில் நின்று பார்த்தேன். உங்கள் காரில் இடது பக்கம் பிரேக் லைட் எரியவில்லை. அவசரமில்லை. நீங்கள் ஏறி மிதியுங்கள், நான் பின்னால் நின்று சொல்கிறேன்.