கொட்டகை மேல் போய் உட்கார்ந்த கூரை

புயல் ஓய்ந்த மறுவாரம், கோட்டுச்சேரியிலிருந்து காரைக்கால் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்க வீட்டுக் கூரை இப்ப பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகை மேல இருக்குண்ணே,” என்றார் இளையவர்.

“என்னப்பா சொல்றே?”

“காத்து அப்படியே தூக்கிட்டுப் போயிடுச்சு. புள்ளைங்களக் கட்டிப் புடிச்சுக்கிட்டு சுவரோரமா ஒடுங்கிக் கெடந்தோம். பக்கத்து வீட்டுக்காரருதான் கொட்டுற மழையில ஓடியாந்து எங்களக் கூட்டிட்டுப் போனாரு.”

“வேலித் தகராறுல உங்க ரெண்டு வீடும் பேசிக்கிறதே இல்லியே?”

“வருஷக்கணக்கா இல்லண்ணே. இப்ப அவங்க வீட்டுலதான் சோறு, படுக்கை எல்லாம்.”

“கூரையை எப்பத்தான் எறக்கப் போறே?”

“நேத்தே ஏணியத் தூக்கிட்டுப் போனேன். எம் பொஞ்சாதியும் அவரு பொஞ்சாதியும் சேர்ந்து, ‘இப்ப என்ன அவசரம்?’னு என்னை வெரட்டிட்டாங்க.”