ஓட்டுறது யாருன்னு எழுதணும்

— இருபது வயசு. லைசன்ஸ் எடுத்து எட்டு மாசம். ஓட்டப் போறது இஸ்கூல் வேன். விஜயகலா, நீ இன்ஷூரன்ஸ் போட வந்தியா, இல்லாட்டி எங்கட கம்பெனிய மூட வந்தியா?

— நாலு மணிக்குத்தான் மூடுவீங்கன்னு வாசல்ல எழுதியிருக்குங்க, நிலாம் நானா. அதுக்குள்ள எனக்குப் போட்டுக் குடுத்துட்டு நீங்களே மூடிக்குங்க.

— ஒன்ட வாய்க்கு இன்ஷூரன்ஸ் தேவப்படாது. அது எங்க முட்டினாலும் ஒடயாது. ஏன், நீ படிக்கிற ரத்தினபுரியில கம்பெனியே இல்லயா? எஹலியகொடையில என்னத்தான் கண்டியா?

— எல்லாத்துலயும் ஏறி எறங்கிட்டுத்தாங்க வாரேன். நேத்து டெக்னிக்கல் கொலேஜ் கிளாஸையும் விட்டுட்டு அலைஞ்சேன். ஒருத்தரு சொன்ன கணக்குக்கு அந்த வேனையே வித்துக் கட்டணும். இன்னொருத்தரு, போய் அப்பாவக் கூட்டிட்டு வான்னாரு, நான் என்னமோ கிளாஸ்ல ஜன்னல ஒடச்ச மாதிரி. மூணாவது எடத்துல ஒரு கலண்டர் குடுத்தாங்க. அது ஒண்ணுதான் எனக்குக் கட்டுப்படியான வெலையில இருந்திச்சி.

— ஹரி, ஹரி, சரி புள்ள. நானும் ஒரு கலண்டர் தாறேன். மசூதிப் படம் வேணுமா, ஆத்துப் படம் வேணுமா?

— திங்கக்கிழமைய மட்டும் கிழிச்சிட்டுக் குடுங்க. அன்னைக்குத்தான் இஸ்கூல் தொறக்குது. என் பேருல பேப்பர் வந்தாத்தான் சாவியத் தருவேன்னு அப்பா சொல்லிட்டாரு. இல்லேன்னா வழக்கம் போல அவரேதான் ஓட்டுவாராம்.

— ஓட்டட்டுமே. அதுல யாருக்கு என்ன நட்டம்? கன்னையா அண்ணன் தோட்டத்து லொறிய ஓட்டின காலத்துலருந்து எனக்குத் தெரியும். இத்தன வருஷத்துக்கு எங்கட கம்பெனிக்கிட்ட ஒரு சல்லி கேட்டதில்ல. அதுக்காகத்தான் அவருக்கு பிரீமியத்தப் பாதியாக் கொறச்சி வெச்சிருக்கிறாங்க. நீ வந்து அந்தப் பேர வெட்டிட்டு ஒன்ட பேரப் போடச் செல்ற. போட்டா பாதி இல்ல, மூணு மடங்கு. கணக்குத்தானே படிக்கிற நீ?

— கணக்குத்தாங்க. அதனாலதான் நீங்க சொல்லும்போதே மனசுக்குள்ள பெருக்கிப் பாத்துட்டேன். அவரு சல்லி கேக்காம இருந்ததும் தப்புத்தான் போல. வலது பக்கத்துக் கண்ணாடிய இந்த வருஷம் ரெண்டு தடவ எங்க காசுலயே மாத்தினோம்.

— அது பஸ்காரன் ஒரசிட்டுப் போயிருப்பான். இந்த ரத்தினபுரி ரோட்டுல கண்ணு தெரியாம ஓட்டுறவனுகள் அவனுகள்தானே.

— ஆமாங்க. அவங்கதான். சரி, என் வயசுல என்ன கொற கண்டீங்க?

— நான் காணல்ல. கொழும்புல ஏசியில குந்திக்கிட்டு ஈக்குறவங்க கண்டிருக்கிறாங்க. இருபத்தஞ்சுக்குக் கீழ ஈக்குறவங்க எல்லாம் பாட்டப் போட்டுக்கிட்டு ஒரு கையால ஓட்டுவாங்களாம்.

— எங்க வேன்ல பாட்டுப் பெட்டியே இல்லைங்க. இருந்தாலும் அத்தன புள்ளைங்க கத்துறதுல பாட்டு எங்க கேக்கப் போகுது? வேற என்ன?

— வேன ராவைக்கு எங்க நிப்பாட்டுற? கராஜ் ஈக்கா?

— தோட்டத்து லயத்து வீட்டுக்குப் பின்னுக்கு, ரப்பர் மரத்தடியில. தொரை பங்களாவுல ஒரு கராஜ் சும்மாதான் கெடக்கு. நீங்க கேட்டா இல்லேன்னா சொல்லிடுவாரு, போய்க் கேட்டுப் பாருங்க.

— ரப்பர் மரம்னு எழுதினா அதுக்கும் தனியாக் காசு கேப்பானுகள். நான் எழுதல்ல. இங்க பாரு, சும்மா ரோட்டுல போறதுக்கு மட்டும்னா மலிவா ஒண்ணு ஈக்கி. தேர்ட் பார்ட்டி. நீ கொண்டு போய் யாரயாவது அடிச்சா அந்த ஆளுக்குக் கெடைக்கும்.

— உள்ள இருக்கிற புள்ளைங்களுக்கு?

— அவங்களுக்கு ஒண்ணுமில்ல.

— அப்ப அது வேணாங்க. எனக்கு உள்ள இருக்கிறவங்களுக்குத்தான் வேணும். பெரிய இன்ஷூரன்ஸையே போடுங்க, காச மாசா மாசம் கட்டுறேன். ராவுல ஏழாம் வகுப்புப் புள்ளைங்களுக்கு டியூஷன் குடுக்குறேன், அந்தச் சல்லி அப்படியே இங்கதான் வரும்.

— கம்பெனி சீட்டுப் பிடிக்கிறதில்ல, புள்ள. முழுசாக் கட்டணும்.

— நல்ல கம்பெனி. காசிருக்கிறவனுக்குப் பாதி வெல, இல்லாதவனுக்கு மூணு மடங்கு, அதையும் ஒரே தடவையில.

— ஹரி, சத்தம் போடாத. ரகசியமா ஒண்ணு செல்றேன், கேளு. பேப்பர்ல கன்னையா அண்ணன்ட பேரே இருக்கட்டும். நீ பேசாம ஓட்டு. ரோட்டுல நிப்பாட்டி யாரு பேர் கேக்கப் போறான்?

— எங்கயாச்சும் போய் முட்டிட்டா?

— முட்டாம ஓட்டு.

— முட்டாமயே ஓட்டுறதுன்னா உங்க கம்பெனி எதுக்குங்க?

— முட்டினா அப்பாதான் ஓட்டினார்னு செல்லு.

— அவரு லயத்துல படுத்துக்கிட்டே ஓட்டினார்ன்னா சொல்லச் சொல்றீங்க? அப்படிச் சொல்லி மாட்டிக்கிட்டா கம்பெனி புள்ளைங்களுக்கு ஏதாச்சும் குடுக்குமா?

— ஒரு சல்லி குடுக்காது. அதுக்குத்தானே ஓட்டுறது யாருன்னு எழுதிக் கேக்குறாங்க.

— அதான் நானும் ஒழுங்காவே எழுதச் சொல்றேன். அப்பா பேரும் வேணாம், பொய்யும் வேணாம்.

— எனத்துக்கு இந்தப் புடிவாதம்? அவரு வந்து பேசினா சரி. நோம்புக்கு வட்டிலாப்பம் குடுத்தனுப்பினேன், ருசியா ஈக்குன்னு ஒரு வார்த்த செல்லல்ல மனிசன்.

— அவரு எங்க சாப்பிட்டாரு? சீனி கூடிப் போச்சி, இனிப்பு வாயில வைக்கக் கூடாதுன்னு டொக்டர் சொல்லிட்டாரு. நானும் அம்மாவும்தான் வழிச்சித் தின்னோம். நல்லாருந்திச்சி.

— சீனி எனக்குந்தான் ஈக்கி. அதுக்காக நான் வேலைய மகளுக்கு எழுதிக் குடுத்துட்டு ஊட்டுல குந்திட்டேனா? இது ஒன்ட ஆசை, புள்ள. டவுனுக்குள்ள ஒரு பொம்புளப் புள்ள வேன் ஓட்டுறான்னு நாலு பேரு திரும்பிப் பாக்கோணும், அவ்வளவுதான். ரத்தினபுரி வரைக்கும் முன் சீட்டுல ராசாத்தி மாதிரித்தானே போற, அது போதாதா? அதுலயும் வாய் மூட மாட்டியாம். அதே வேன்ல போற என்ட மக யும்னா செல்றா, "அந்த அக்கா வளைவு வருது, மாடு வருது, லொறி வருதுன்னு அப்பாவுக்கே ஓட்டப் படிச்சிக் குடுக்குறா வாப்பா"ன்னு. ஊட்டுல சிரிச்சி முடியல்ல.

— சிரிங்க.

— என்ன, கண்ணெல்லாம் கலங்குது?

— கோவங்க. எனக்குக் கோவம் வந்தா இப்படித்தான்.

— கோவப்படாம கேளு. யும்னாட உம்மா காலையில வாசல்ல நின்டு கை காட்டிட்டு உள்ளுக்குப் போனா, பின்னேரம் வரைக்கும் புள்ளயப் பத்தின கவல இல்ல. ஏன்? ஓட்டுறது கன்னையா அண்ணன். நீ ஓட்டுறேன்னா நான் என்ட புள்ளய பஸ்ல அனுப்பிருவேன். நான் மட்டுமில்ல, இந்த டவுன்ல எல்லாரும் அதத்தான் செய்வாங்க.

— அது தெரிஞ்சிதாங்க அப்பா என்னைய வாயத் தொறக்கக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்காரு. கடைசியாக் கேக்குறேன், நானா. உங்க கமிஷனக் கொஞ்சம் விட்டுக் குடுத்தாவது என் பேருக்கு எழுத முடியுமா, முடியாதா?

— முடியாது. கன்னையா அண்ணன்ட பேரு, கன்னையா அண்ணன்ட கை, அதே பாதிக் காசு. இந்தா, எழுதிட்டேன். இதுல அவர்ட கையெழுத்த வாங்கிட்டு வா. எந்த எடத்துல போடணும்னு புள்ளடி போட்டிருக்கேன், பாத்துப் போடச் செல்லு.

— பாத்துப் போடச் சொல்றேங்க. அப்பாவே ஓட்டட்டும். ஆனா அந்த முன் சீட்டுல இனி நான் ஏற மாட்டேன், எனக்குப் பயமா இருக்கு. திங்கக்கிழமை உங்க யும்னாவ அதுல ஒக்கார வைங்க. அப்பாவுக்கு வலது கண்ணு சுத்தமாத் தெரியாதுங்க, இடதுல பாதிதான். குருவிட்ட வளைவு வந்தா, எதுத்தாப்புல பஸ் வந்தா, குறுக்க ஆளு வந்தா, அவதான் சொல்லிக்கிட்டே போகணும். நல்லா சத்தமாச் சொல்லச் சொல்லுங்க, நானா. அப்பாவுக்குக் காது மட்டும் நல்லாக் கேக்கும்.