மூன்று கால்கள், பதினோரு நொடி

ஒரு கம்ப்யூட்டர் மதர்போர்டில் ஆயிரத்து எழுநூறு ஊசிக்கால்கள். ஒவ்வொன்றும் எறும்பு மீசை கனம். அதில் வளைந்து கிடந்த மூன்றே மூன்றை, கண்புரை ஆபரேஷன் செய்த இந்தக் கண்ணால், கண்ணாடி போடாமல், பதினோரு நொடியில் கண்டுபிடித்தவன் நான். சங்கரன்கோவில் என்ன, மலைக்கு அந்தப்புறம் கேரளாவிலும் இப்படி ஓர் ஆள் கிடையாது. நொடியை எண்ணியதும் நான்தான்.

நல்லகண்ணு இதை நம்பவில்லை. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வுபெற்றவர். என்னோடு சாயங்காலம் ஆவுடைப்பொய்கைத் தெப்பக்குளத்துப் படியில் உட்காருகிறவர். டெலிபோன் வேலையில் நான் இருந்தபோது, புயலில் அறுந்த ஒயரின் இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு ஒரு துபாய்க்காரரை என் உடம்பு வழியாகவே பேசவிட்டேனே, அதையும் நம்பாதவர்.

"கோவில் வாசல்ல விட்ட செருப்பைத் தேட உமக்கு அரைமணி நேரம் ஆவுது. பதினோரு நொடியில ஊசிக்காலைக் கண்டுபிடிச்சீராக்கும்" என்றார். நாலு மாதமாக இதே பேச்சு. ஒரு மனுஷனுக்குப் பொறுமை எவ்வளவுதான் இருக்கும்? நடந்ததை நடந்தபடி போன வாரம் அவரிடம் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் அதையே சொல்லுகிறேன்.

பக்கத்து வீட்டுத் தேன்மொழி நல்ல பிள்ளை. அம்மா முத்துமாரியம்மாளுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது. மகள் கை கொடுத்தால்தான் நடக்க முடியும். மகள் பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு, கட்டப்போகிற கட்டடம் எப்படி இருக்கும் என்று கம்ப்யூட்டரில் படம் செய்து கொடுப்பாள். கம்பெனி ஒரு பெரிய வேலையைக் கொடுத்து, மூன்றாம் வாரத்து வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் அனுப்பினால் வீட்டிலிருந்தே நிரந்தரமாகப் பார்க்கலாம், இல்லையென்றால் பெங்களூருக்கு வந்துவிட வேண்டும் என்றது. அவளுடைய பழைய டெஸ்க்டாப்போ ஒரு படத்துக்கு ஒரு பகலை விழுங்கியது.

எங்கள் தெருவில் யார் கம்ப்யூட்டரை மாற்றினாலும் என்னைக் கேட்டுத்தான் மாற்றுவார்கள். ராஜபாளையம் ரோட்டில் சைஃபுல்லாவின் கம்ப்யூட்டர் கடையில் வைத்து, ஏழெட்டுப் பேர் முன்னால், நானாகவே சொன்னேன்: "பிராசசரை மட்டும் புதுசா வாங்கு மக்கா. போர்டு பழசே போதும்."

அவள் மெதுவாகத்தான் பதில் சொன்னாள். "இல்ல மாமா, பழைய போர்டுல இது உக்காராது. ரேமும் சேராது. நீங்க சொல்லுதது அந்தக் காலத்து மெஷினுக்கு."

கடை சிரித்தது. சைஃபுல்லாவும் சிரித்தான். நானும் சிரித்தேன். என் சிரிப்புதான் அங்கே சத்தமாக இருந்தது.

பதினைந்து நாள் அலசினாள். எந்தப் போர்டு எவ்வளவு மின்சாரம் தாங்கும், வாங்கினபடியே அந்தப் பிராசசரை அது அடையாளம் கண்டுகொள்ளுமா என்றெல்லாம் நோட்டில் எழுதிப் பார்த்து வாங்கினாள். நோட்டை வாங்கி முழுக்கப் படித்தேன். ஒரு குறை சொல்ல முடியவில்லை. அதுதான் குறை.

புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பார்சல் வந்தது. சைஃபுல்லா தங்கச்சி கல்யாணத்துக்குக் காயல்பட்டினம் போயிருந்த வாரம். "ராகுகாலம் மக்கா, ஒன்றரை வரைக்கும் தொடாத" என்றேன். அத்தனை அலசின பிள்ளை, ராகுகாலம் என்றதும் கையை எடுத்துக்கொண்டது. போர்டைப் பிரித்துக் கோமதியம்மன் படத்துக்கு முன்னால் வைத்து, அட்டைப்பெட்டிக்குக் குங்குமம் வைத்தாள். "பூவும் எலுமிச்சம்பழமும் வாங்கிட்டு வா. அம்மாவை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். முத்துமாரியம்மாள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

பிராசசர் உட்காரும் இடத்தில், அந்த ஊசிக்கால்களுக்கு மேலே, ஒரு கறுப்பு மூடி உண்டு. அதைத் திறந்து பார்த்தேன். பார்க்கத்தான். சட்டைப்பையில் ஓர் ஊக்கு இருந்தது.

ஒன்றரைக்கு எல்லாவற்றையும் மாட்டினாள். காற்றாடி சுற்றியது. திரை இருட்டாகவே இருந்தது.

"ரேம்தான்" என்றேன். வியாழக்கிழமை திருநெல்வேலிக்குப் பஸ் ஏறி மாற்றிக்கொண்டு வந்தாள். இருட்டு. "பவர் சப்ளையா இருக்கும்" என்றேன். வெள்ளிக்கிழமை மறுபடியும் போய் வந்தாள். இருட்டு. "போர்டைக் கழட்டிப் பாக்கட்டுமா மாமா?" என்று கேட்டாள். "அதுல தப்பு இருக்காது மக்கா. நீயே பாத்து வாங்குனதுல்லா" என்றேன். ஆறு மணி ஆனது. அழவில்லை. காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் சைஃபுல்லா வந்துவிடுவான். அதனால் காலையிலேயே, தெருவே கூடி நிற்க, பிராசசரைத் தூக்கிவிட்டுக் குனிந்தேன். பதினோரு நொடி. ஊசியால் மூன்றையும் நிமிர்த்தினேன். திரை பளிச்சென்று எரிந்தது. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. புதன்கிழமை வளைத்தபோதே ஓரத்திலிருந்து எண்ணி வைத்திருந்தேன். வேலை என்றால் அப்படிச் சுத்தமாக இருக்க வேண்டும்.

தேன்மொழி என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "முதல்லயே உங்க பேச்சைக் கேட்டிருக்கணும் மாமா" என்றாள். ஏழெட்டுப் பேர் அல்ல, முப்பது பேராவது கேட்டிருப்பார்கள்.

அடுத்த மாதம் பெங்களூருக்குப் போய்விட்டாள். முத்துமாரியம்மாளை வாசுதேவநல்லூரில் தங்கச்சி வீட்டில் விட்டிருக்கிறார்கள். அங்கே கை கொடுக்க ஆளில்லையாம், கட்டிலோடுதான் இருக்கிறாளாம். ஓய்வுதானே. வீடு பூட்டிக் கிடக்கிறது. பெங்களூரில் கம்பெனியே லேப்டாப் கொடுத்துவிட்டதால், "உயிர் கொடுத்தது நீங்கதானே" என்று அந்தக் கம்ப்யூட்டரை எனக்கே தந்துவிட்டாள். இதை அதில்தான் அடிக்கிறேன். பிராசசருக்கும் போர்டுக்கும் அப்படி ஒரு பொருத்தம். அபார வேகம். ஒரு பிள்ளைக்குப் பெரிய ஊரில் பிழைப்பு, ஒரு பெரியவனுக்கு மரியாதை. கெட்டுப்போனவர்கள் யார் என்று யோசித்துப் பார்த்தேன், ஒருத்தரும் தட்டுப்படவில்லை.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது, மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்த நல்லகண்ணு கையை நிறுத்தினார்.

"இப்பவாவது பதினோரு நொடியை நம்புதீரா வே?" என்றேன்.

அவர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டார்.

"உம்ம கதையில எல்லாம் நீரு பெரிய ஆளாத்தான் வருவீரு. இதுல மட்டுந்தான் இம்புட்டுச் சின்ன ஆளா வந்திருக்கீரு. இது நடந்ததுதான் வே."