யுசுஹாவுக்கு நான் கொடுத்த நாலு விரல் இடம்

வணக்கம், எல்லோரும் சௌக்கியமா? இந்த வருஷம் குளிர் கொஞ்சம் அதிகம்தான். காலுக்கு இரண்டு சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், ஒன்று போதாது. எனக்கு முழங்கால் தவிர மற்றதெல்லாம் நன்றாக வேலை செய்கிறது, சிரிப்பு உட்பட.

நம் தொகாஷி யுசுஹா ஆட்டத்திலிருந்து விலகிவிட்டாள். பெண்கள் ஒற்றையர் இறகுப்பந்தில் அகில ஜப்பான் இறுதிப்போட்டி வரை போனவள். அவளுடைய ரசிகர் மன்றத்தின் கடைசி இதழில், இந்தப் பெண் எப்படி உருவானாள் என்று தலைவி எழுத வேண்டும் என்றார்கள். தலைவி நான்தான், தோமியே. அகாசே ஊரில் மீன் சந்தைக்கு எதிரே இரண்டு நாற்காலி போட்ட முடிவெட்டும் கடை என்னுடையது. அவள் தலைமுடியை முதன்முதலில் வெட்டியதும் நான். அவளுடைய கோர்ட்டுக்குக் கோடு போட்டதும் நான். இந்த இரண்டாவதைப் பற்றி யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. சந்தோஷமான விஷயம், அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

வெளியூர் உறுப்பினர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் ஊரில் குளிர்காலம் முழுக்கப் பனி. பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருந்தால் வீடு மிஞ்சாது. அதனால் மூடிப்போன தொடக்கப்பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில் மாலைதோறும் ஷட்டில் வகுப்பு. மாஸ்டர் ஒயாமா, டோஃபு கடைக்காரர். விடியுமுன் எழுந்து சோயா அரைக்கிற மனுஷன், மாலையில் நின்றுகொண்டே தூங்குவார். ஷட்டில் காதை உரசிப் போனால் விழித்து, "நல்ல அடி" என்பார். யார் அடித்தது என்று அவருக்கே தெரியாது.

கூடத்தின் தரையில் கூடைப்பந்துக் கோடு மட்டும்தான் உண்டு. ஷட்டிலுக்குப் பெற்றோர்கள் நாங்களே வெள்ளை டேப் ஒட்டிக் கோடு போட வேண்டும். டிசம்பர் கடைசியில் பெரிய சுத்தம் நடக்கும். பழைய டேப்பை உரித்து, தரைக்கு மெழுகு போட்டு, புதிதாக ஒட்ட வேண்டும். தரையில் மண்டியிடுகிற வேலை என்றால் எல்லோருக்கும் திடீரென்று வேறு வேலை வந்துவிடும். நான் போவேன். வாசல் பக்கம் ஒரு கோர்ட், மேடைப் பக்கம் ஒரு கோர்ட். மேடைப் பக்கத்துக் கோர்ட் யுசுஹாவுக்கு என்று ஆகிவிட்டது. மாஸ்டர் மேடையில் சாய்ந்து நிற்பார், அவள் எதிர்ப்பக்கத்திலிருந்து அவரைப் பார்த்து அடிப்பாள். என் மகள் கொஹாரு மற்றப் பிள்ளைகளோடு வாசல் பக்கக் கோர்ட்டில்.

யுசுஹா வருவதற்கு முன் வகுப்பில் கொஹாருதான் கெட்டிக்காரி. ஒன்பது வயதில் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள், கொஞ்ச நாளிலேயே இருவருக்கும் ஓர் ஆட்டம் வைத்தார்கள். என் மகளுக்கு மூன்று பாயின்ட் கிடைத்தது. முடிந்ததும் யுசுஹா வலைக்கு அடியில் குனிந்து வந்து கொஹாருவின் தலையைத் தட்டி, "பரவால்ல விடு, நீ சிரிச்சா அழகா இருக்கே" என்றாள். கொஹாரு சிரித்தாள். இரண்டும் கைகோத்துக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போயின.

நானும் அன்றைக்கே மறந்துவிட்டேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொஹாருவின் டிபன் பெட்டியில் முட்டை ரோல் இடது மூலையில் தொடாமல் இருந்தது. தலையில் பச்சை ரப்பர் பேண்ட். அந்தப் பெண் தட்டியது ரப்பர் பேண்டுக்குச் சற்று மேலே, உள்ளங்கையால். இந்த மாதிரி எதையும் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான்.

அடுத்து பக்கத்து ஊர்ப் பிள்ளைகளோடு ஒரு சின்னப் போட்டி. சொந்தப் பிள்ளையின் ஆட்டத்துக்குப் பெற்றோர் லைன் அம்பயராக உட்காரக் கூடாது. ஆகவே யுசுஹாவின் ஆட்டத்துக்கு நான், மேடைப் பக்க மூலையில், குட்டி நாற்காலியில். லைன் அம்பயருக்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். ஷட்டில் உள்ளே விழுந்தால் கையைக் கோட்டை நோக்கி நீட்டு. வெளியே விழுந்தால் இரண்டு கையையும் விரி. நீ பார்க்கவில்லை என்றால் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொள். அவ்வளவுதான்.

யுசுஹா உயரமாக ஓர் அடி அடித்தாள். ஷட்டில் கடைசிக் கோட்டுக்கு நாலு விரல் வெளியே விழுந்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் கையைக் கோட்டை நோக்கி நீட்டினேன். அவள் குதித்த குதியைப் பார்க்க வேண்டுமே. ஷூ ஒன்று கழன்று பறந்தது. ஒரு குழந்தையைச் சந்தோஷப்படுத்துவது இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம்.

ஆட்டம் முடிந்ததும் அவள் அம்மா ரிட்சுகோ வந்து இடுப்பு வரை குனிந்தாள். "தோமியே அக்கா, அடுத்தவங்க பிள்ளைக்காக இப்படி முட்டி வலிக்க உக்காந்திருக்கீங்களே."

"குழந்தைதானே ரிட்சுகோ. சந்தோஷமா இருக்கட்டும்."

அதிலிருந்து அதுவே பழக்கமாகிவிட்டது. நாலு விரல் வரை உள்ளே. ஐந்தாவது விரல் என்றால் இரண்டு கையையும் விரித்துவிடுவேன், அதில் நான் கண்டிப்பு. ஆனால் உள்ளுக்குள் ஓர் உறுத்தல் இருந்தது. பொய் சொல்வது எனக்குப் பிடிக்காது, கடையில் கூட யாருக்கும் பொருந்தாத வெட்டைப் பொருந்துகிறது என்று சொன்னதில்லை. ஆகவே அந்த டிசம்பரில் டேப் ஒட்டும்போது, மேடைப் பக்கத்துக் கடைசிக் கோட்டை நாலு விரல் வெளியே தள்ளி ஒட்டினேன். அன்றிலிருந்து நான் காட்டிய சைகை ஒவ்வொன்றும் உண்மை.

பிள்ளை எப்படி வளர்ந்தாள் தெரியுமா? பள்ளிக்கு முன்னால் விடியற்காலையிலும் பயிற்சி வேண்டும் என்றாள். கூடத்தின் சாவியை நான்தான் கேட்டு வாங்கினேன். உப்புப் பிளம் வைத்த சோற்று உருண்டை கொண்டுபோவேன். ஒருநாள் கன்னம் முழுக்கச் சோற்றை அடைத்துக்கொண்டு சொன்னாள்: "அத்தை, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். முதுகுல ஜப்பான்னு எழுதின சட்டை. ஒரே ஒரு தடவை போட்டா போதும்."

"போடுவேடி கண்ணு. கடைசிக் கோட்டைப் பாத்து அடி. கோட்டுமேலயே அடி."

அவளும் அடித்தாள். அந்தக் கோட்டின்மேல் அவள் அடிகள் பூ வைத்த மாதிரி விழுந்தன. ஆனால் வெளியூர் போட்டிக்குப் போனால் மட்டும், முக்கியமான நேரத்தில், நாலு விரல் வெளியே. மாஸ்டர் மண்டையைப் பிய்த்துக்கொண்டார்.

"இங்க ஊசி முனையில விழுது. வெளிய போனா பயந்துக்குறா. பயம் போற வரைக்கும் இங்கயே அடிக்கட்டும், இன்னும் நிறைய."

"நிறைய அடிக்கட்டும் மாஸ்டர், சாவி எங்கிட்டத்தான் இருக்கு" என்றேன்.

நடுவில் கொஹாரு ஷட்டிலை விட்டுவிட்டுப் பள்ளி பேண்டு வாத்தியத்தில் சேர்ந்துவிட்டாள். "அம்மா, எனக்கு ஷட்டில் பிடிக்கவே பிடிக்காது. நீ ஆசையா பாக்குறியேன்னுதான் ஆடினேன்" என்றாள். தோற்ற வலியை மறைத்து அப்படிச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. தாய்க்குத் தெரியாதா.

யுசுஹா செந்தாய் நகரத்து மேல்நிலைப்பள்ளிக்குப் போனாள், பிறகு ஒரு வங்கியின் அணியில் சேர்ந்தாள். காலையில் வங்கியில் காகிதம் மடிப்பது, மதியத்துக்கு மேல் ஆட்டம். அங்கே பெரிய பயிற்சியாளர்கள் அவள் அடியைத் திருத்தினார்கள், திருந்தவும் செய்தது. சாதாரண நேரத்தில் எல்லாம் சரி. இருபதுக்கு இருபது என்று வந்துவிட்டால் மட்டும் அவள் கை ஒன்பது வயதுக்குத் திரும்பிவிடும். பத்திரிகைக்காரர்கள் அவளுக்கு ‘கடைசிப் பாயின்ட் கோழை’ என்று பெயர் வைத்தார்கள். எனக்கு எவ்வளவு கோபம் வந்தது என்கிறீர்கள். கடையில் அந்தப் பத்திரிகையையே நிறுத்திவிட்டேன்.

மனசு பலப்பட வேண்டும் என்று அவளைக் கோயிலில் கால் மடக்கி உட்காரவைத்தார்கள். குளிர்கால அருவியில் நிற்கவைத்தார்கள். மன்றத்தார் நாங்களும் துணைக்குப் போய், கரையில் நின்று கைதட்டினோம். அவள் உதடு நீலமாகி நடுங்க, "அத்தை, தைரியம் வந்துருச்சான்னு தெரியல, சளி வந்துருச்சு" என்றாள். சிரித்துச் சிரித்து நான் பனியில் உட்கார்ந்துவிட்டேன்.

புத்தாண்டு தோறும் ஊருக்கு வந்து, ஆரம்பித்த இடத்துக்கே திரும்ப வேண்டும் என்று எங்கள் கூடத்தில் மூன்று நாள் அடிப்பாள். மேடைப் பக்கக் கோர்ட்டில்தான். நானும் ஒரு டிசம்பரும் தவறாமல் புது டேப்பை ஒட்டி வைத்திருப்பேன். வருகிற பிள்ளை ஏமாறக் கூடாது.

இருபத்தேழாவது வயதில் அந்த இறுதிப்போட்டி. ஜெயித்தால் தேசிய அணி, முதுகில் ஜப்பான். ஊரே நகராட்சிக் கூடத்தில் பெரிய திரைக்கு முன்னால். நெற்றியில் பட்டை, கையில் பிளாஸ்டிக் தட்டுக்கட்டை, கறிக்கடையில் ‘யுசு கட்லெட்’ பொரித்துப் பொரித்துக் கொடுத்தார்கள். நகராட்சித் தலைவரின் மன்றச் சட்டை அவர் வயிற்றில் ஏறவில்லை, தோளில் போட்டுக்கொண்டு ஆடினார். நான் முன்வரிசையில் கத்தினேன். கொஹாரு என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, விழுந்துடாதே. எதுக்கு இப்படி உயிரை விடுறே?"

"உனக்காகத்தாண்டி" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் என்ன சொல்கிறோம் என்று யாருக்குத் தெரிகிறது.

மூன்றாவது செட்டில் இருபதுக்கு இருபது. எதிராளிக்கு ஒரு பாயின்ட் போனது, இன்னொன்றும் போனால் ஆட்டம் போச்சு. அடுத்ததில் யுசுஹா உயரமாக, அழகாக, கடைசிக் கோட்டுக்கு ஓர் அடி. எதிராளி தொடாமல் விட்டாள். வெளியே என்றார் லைன் அம்பயர். யுசுஹா கேமராவில் பார்க்கச் சொல்லிக் கை தூக்கினாள், அவ்வளவு நம்பிக்கை அவளுக்கு. திரையில் கோடு பெரிதாகி, ஷட்டில் விழுந்த தடம் வந்தது. நடுவில் வெளிச்சமாக ஓர் இடைவெளி. ஊர் முழுக்க "ஐயோ" என்றது. நான் மட்டும் அந்த இடைவெளியை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். வெகுநாள் பழகியவரை ரயில் நிலையத்தில் பார்த்த மாதிரி இருந்தது.

அன்றைக்கு அதிகமாக அழுதது நான்தான். எல்லோரும் சாட்சி.

அப்புறம் மூன்று வருஷம் முயன்று பார்த்தாள், அந்தச் சட்டை வரவில்லை. இப்போது ஊருக்கே வந்துவிட்டாள். ஒயாமா மாஸ்டர் இனி உட்கார்ந்தே தூங்கலாம், வகுப்பை யுசுஹா எடுத்துக்கொண்டாள். போன டிசம்பர் சுத்தத்தில், "டேப் வேலையெல்லாம் போதும் அத்தை, உங்க முட்டி பாவம். பெயின்ட் அடிச்சுடலாம்" என்று இரும்பு அளவு நாடாவோடு வந்தாள். மேடைப் பக்கக் கோட்டை உரித்தாள். அளந்தாள். மறுபடி அளந்தாள். எதிர்ப்பக்கத்தை அளந்தாள். பிறகு தரையில் குப்புறப் படுத்து, சரியான கோட்டுக்கும் பழைய பசைத் தடத்துக்கும் நடுவில் கையை வைத்தாள். நாலு விரல் கச்சிதமாக உட்கார்ந்தது.

முதலில் ஒரு விக்கல் மாதிரி வந்தது. அப்புறம் சிரிப்பு. மெழுகுத் தரையில் உருண்டு உருண்டு சிரித்தாள்.

"மாஸ்டர், நான் கோழை இல்ல. கேட்டீங்களா? என் கை நடுங்கவே இல்ல. எங்க அடிக்கணும்னு கத்துக்கிட்டேனோ அங்கயேதான் அடிச்சிருக்கேன். இத்தனை வருஷமும்."

"அளவு நாடா நுனி பிஞ்சிருக்கும்" என்றார் மாஸ்டர் தூக்கக் கலக்கத்தில். "எங்க கடைத் தராசே அப்படித்தான்."

"சும்மா அருவியில நனைஞ்சேனே" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கொஹாரு சிரித்தாள், பிள்ளைகள் சிரித்தன, எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஒன்பது வயதில் ஷூ பறக்கக் குதித்தாளே, அதற்கப்புறம் அவளை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. இரண்டு தடவையும் அந்தச் சந்தோஷத்தைக் கொடுத்தது நான்தான் என்று நினைக்கும்போது பெருமையாக இருக்கிறது.

"அத்தை," என்றாள், படுத்தபடியே, "கோட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தீங்களே. உங்களுக்குமா தெரியல?"

நான் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டேன்.

கூடம் கூரை பறக்கச் சிரித்தது. விரலிடுக்கில் பார்த்தேன். யுசுஹா மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். களைப்பாக இருந்திருக்கும். இந்தப் பக்கத்தை அவளும் படிப்பாள். படித்ததும் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைக்கிறேன்.

இப்போது கோடு பெயின்ட், நகராது. இருந்தாலும் லைன் அம்பயர் வேண்டுமே. என் பேத்தி, கொஹாருவின் மகள் மாவோ, வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். மீன் சந்தைப் பக்கமிருந்து சேனா என்று ஒரு சுட்டிப்பெண் புதிதாக வந்திருக்கிறது. போன வாரம் மாவோவை ஜெயித்துவிட்டு, குனிந்து அவள் ஷூ நாடாவைக் கட்டிவிட்டு, "மெதுவா கத்துக்கலாம்" என்றது. எவ்வளவு நல்ல மனசு. இடது கால், நீல நாடா, இரட்டை முடிச்சு. நான் அன்றைக்கே மறந்துவிட்டேன். வருகிற ஞாயிறு பக்கத்து ஊரோடு போட்டி, யுசுஹா அன்றைக்கு செந்தாய் போகிறாள். அந்தக் குழந்தையின் ஆட்டத்துக்கு நானே உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டேன். முழங்காலுக்காக ஒரு மெத்தையும் தைத்து வைத்திருக்கிறேன்.

சரி, என் கதை போதும். நீங்களும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இப்படி ஏதாவது சின்னதாக நல்லது செய்திருப்பீர்கள், யாரிடமும் சொல்லாமல். கூச்சப்படாமல் எனக்கு எழுதுங்கள். நம்மைப் போன்றவர்கள் எத்தனை பேர் இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.