ஒன்றரைச் சுற்று

"முன்னாடி இருக்குற குறுக்குச் சட்டத்த வெட்டுங்க ஃபுண்டி, பெரிய இன்டர்கூலர் தானா உக்காரும்."

"வெட்டினா மிச்சம் இருக்கறது தகரம்தான். எதுலயாவது இடிச்சா—"

"இடிக்கவா காரு வெச்சிருக்கேன்? நல்லா இருக்கே."

"நக்கூருலேர்ந்து நைரோபி போறவனுக்கு எதுக்குப் பெருசு? இருக்கறது போதும்—"

"இருக்கறது பத்தாமத்தானே ஞோகாபி போனா."

ஞோகாபி என் மகள்; கியாரியின் மனைவி.

எங்களில் மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துச் சண்டை போடுவதில்லை, இன்ஸ்பெக்டர் ஐயா. அதனால் கியாரி என் பட்டறைக்குள் வந்ததும் என்னை ஃபுண்டி என்பான். மெக்கானிக்கோடு யார் வேண்டுமானாலும் சண்டை போடலாம். வாசலைத் தாண்டினால் மறுபடி அத்தை. நல்ல ஏற்பாடுதான்.

டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். அமுக்கிய காற்று சூடாகும். இன்டர்கூலர் அதை ஆற்றி அனுப்பும். ஆறிய காற்றில்தான் வண்டிக்கு இழுப்பு. எஞ்சின் மேல் இருக்கும் சின்னதைக் கழற்றிவிட்டு, எதிர்காற்று அறையும் இடத்தில் பெரியதைப் பொருத்தச் சொல்லி வாரம் ஒருவராவது வருவார்கள். கியாரியும் அப்படித்தான் வந்தான். அதே காரில். என் மகள் பக்கத்துக் கதவை மட்டும் புதிதாக மாற்றியிருந்தான்.

போன வருட ஈஸ்டருக்குக் கினுங்கி ஏற்றத்தில் அவள் இறந்தாள். "லாரியத் தாண்டும்போது காத்து சூடாயி இழுப்பு போயிடுச்சு அத்தை" என்றான். அடக்கத்தில் சொன்னான். சர்ச்சில் மைக் பிடித்துச் சொன்னான். அந்த லாரிக்காரர் நக்கூருக்காரர்தான். ஒருநாள் என்னைத் தேடி வந்தார். "இழுப்பெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சும்மா. வளைவுல முந்தினான். எதிர்ல பஸ்ஸப் பாத்ததும் என் வண்டிக்கு அடியில ஒடிச்சுட்டான். பாப்பா என் பக்கமா உக்காந்திருந்துச்சு."

நான் அழவில்லை. கியாரி வாயால் இதைக் கேட்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். பதினான்கு மாதம் காத்திருந்தேன். அவன் இன்டர்கூலரோடு வந்தான்.

குறுக்குச் சட்டத்தை நான் வெட்டவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் கூடுதலாக உழைத்து, தாங்கிகளை வளைத்து, சட்டத்துக்குக் கீழே பொருத்தினேன். அவன் சாகக்கூடாது. செத்தவன் எதையும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

குழாய்களை ரப்பர் ஹோஸ் கொண்டு இணைத்து, கிளாம்ப் போட்டு முறுக்குவோம். எட்டுக் கிளாம்ப். எட்டையும் சரியாகத்தான் முறுக்கினேன். சாவியைக் கொடுக்க வாசலுக்கு வெளியே போய் நின்றேன்.

"கினுங்கில முந்துவியா?"

"மாட்டேன் அத்தை."

"லாரிக்குப் பின்னாடியே போவியா? ஆமை மாதிரி போனாலும்?"

"ஞோகாபி மேல சத்தியம். போதுமா?"

"இரு, ஒண்ணு மறந்துட்டேன்" என்று மறுபடி உள்ளே போய், ஒரு கிளாம்ப்பை ஒன்றரைச் சுற்றுத் தளர்த்தினேன். அவன் சத்தியம் செய்த பிறகு, ஐயா. அதற்கு முன்னால் இல்லை.

மெதுவாக ஓட்டுகிறவனுக்கு அது பத்து வருடம் நிற்கும். ஏற்றத்தில் அடியோடு மிதித்தால்தான் ஹோஸ் பிடுங்கிக்கொள்ளும். அந்த நொடியே இழுப்பு போய்விடும். எது போனதாக ஊரெல்லாம் சொன்னானோ, அது போனால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியட்டும் என்று நினைத்தேன். நான் அவனை எதுவும் செய்யவில்லை. அவன் சொன்ன சொல்லைத்தான் சோதித்துப் பார்த்தேன்.

சனிக்கிழமை நண்பகலில் முந்தினான். சட்டம் தாங்கியது. கால் மட்டும் முறிந்தது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டான். அதுவும் எங்களில் வழக்கமில்லை. "அன்னிக்கு இழுப்பு போகல அத்தை. இப்பத்தான் போச்சு. அன்னிக்கு நான்தான்..." என்று முழுதும் சொன்னான். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து நன்றாகத் தூங்கினேன்.

எதிரே முட்டைக்கோசோடு மலையிறங்கி வந்த, கியாரி மோதிய பிக்கப்பைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதை ஓட்டி வந்தவன் பெயர் முரீமி என்று பிறகுதான் தெரியும். அவனுக்கும் எனக்கும் ஒன்றும் இல்லை. என் கணக்கில் அவன் வரவே இல்லை. சாலை எல்லோருக்கும் பொது என்பது எனக்குத் தெரியாததல்ல. அன்று நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

நேற்று அவன் தாய் வைரிமு கினாங்கோப்பிலிருந்து இரண்டு மட்டாட்டு வேன் மாறி என் வீட்டுக்கு வந்தாள். தேநீர் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். போலீசும் ஆஸ்பத்திரியும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள் என்றாள். கோப்பையைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

"நீங்களும் அதே ஏத்தத்துல மகளப் பறிகொடுத்தவங்க. எங்கிட்டப் பொய் சொல்ல மாட்டீங்கன்னு நம்பி வந்திருக்கேன். எம் புள்ள எப்படிச் செத்தான், சொல்லுங்க."