கஞ்சாச் சந்தில் ஒரு கருவாட்டுக் கூடை

ஜூலை பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தே கால் மணி. தூத்துக்குடிப் பழைய பேருந்து நிலையத்தில் தருவைகுளம் பேருந்துக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் கருவாட்டுக் கூடையோடு ஒரு பெண்மணியும் அவருடைய தோழியும் நின்றார்கள்.

“ஏளா, இன்னைக்கு ஏட்டையா எனக்கு டீ வாங்கித் தந்தாவ.”

“கூடையத் தூக்குன்னு தினமும் விரட்டுவாவளே, அவரா?”

“அவரேதான். ரோட்டுல உக்கார விடலன்னுதான் போன வாரம் அந்தக் கஞ்சாச் சந்துக்குள்ள போயி உக்காந்தேன்.”

“பயமா இல்லையாக்கா? பட்டப்பகல்லயே பொட்டலம் விக்கானுவளே! போலீஸ் ஜீப்பு வந்தா மறையுதான், போனா முளைக்கான்.”

“எனக்கு யாவாரம் நடக்கணும்லா? வீடு வீடா கருவாடு குடுத்தவளுக்கு எந்தப் பிள்ளையத் தெரியாது? வாரவன் ஒவ்வொருத்தனையும், ‘ஏலே, நீ பாக்கியம் மவன்லா? அம்மைக்கு வாளையா, நெத்திலியா?’ன்னு சத்தமாக் கேட்டேன்.”

“அவனுவ என்ன செஞ்சானுவ?”

“பாதிப் பேரு ஓடிட்டான். மீதிப் பேரு கருவாடு வாங்கிட்டு ஓடிட்டான். வாங்க ஆளில்லாம விக்கிறவனும் இடத்தக் காலி பண்ணிட்டான்.”

“இப்போ ஏட்டையா என்ன சொல்லுதாவ?”

“‘இங்கனயே இரும்மா, எந்திரிச்சிராத’ன்னு கெஞ்சுதாவ!”

மறுநாள் காலை, வழக்கமாகச் சுற்றுவழியில் கல்லூரிக்குச் செல்லும் நான், அந்தச் சந்து வழியாகவே நடந்தேன். “ஏளா, நீ யாரு மவ?” என்று குரல் வந்தது. சொன்னேன். பிறகு கால் கிலோ நெத்திலிக் கருவாட்டோடு இலக்கிய வகுப்பில் அமர்ந்தேன். பக்கத்து இருக்கை நண்பகல்வரை காலியாகவே இருந்தது.